விட்டுப்போன வேளையை டாக்டரிடம் சொல்லுங்கள்

குழந்தைகளின் வலிப்பு நோய் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

இந்த முறை வந்த கடிதங்களில் வலிப்பைவிட வலிப்பு மருந்தைப் பற்றிய பயம்தான் அதிகம். ஒருவர் இரவு வேளையை விட்டுவிடுகிறார், இன்னொருவர் பாதியாகக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார், ஒரு பெண் பாதி நாள் மாத்திரையை விழுங்குவதே இல்லை. இவர்கள் எல்லோரும் எனக்கு எழுதியிருக்கிறார்கள், தங்கள் டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. அதனால் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன வேளையும் பக்க விளைவும் உங்கள் டாக்டருக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டிய விஷயங்கள். ரத்தப் பரிசோதனையும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜியும் சொல்லாத பலவற்றை அவை சொல்லும்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஒன்றரை வருடமாக வால்ப்ரோயேட் சிரப் காலையும் இரவும் கொடுக்கிறேன். காலை வேளை தவறாது. இரவில் நான் வேலை முடித்து வருவதற்குள் அவன் தூங்கிவிடுவான். வாரத்தில் இரண்டு மூன்று இரவு விட்டுப்போய்விடும். போன மாதம் மறுபடி ஃபிட்ஸ் வந்தது. 'ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?' என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டோஸைக் கூட்டிவிட்டார். பயந்துபோய் இப்போது இரண்டு வேளையும் தவறாமல் கொடுக்கிறேன். பையன் பகலெல்லாம் தூங்கி வழிகிறான், எழுதும்போது கை நடுங்குகிறது. என்ன செய்வது?

நாளைக் காலையிலேயே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: 'டோஸைக் கூட்டுவதற்கு முன்னால் வாரத்தில் இரண்டு மூன்று இரவு விட்டுப்போயிருந்தது. இப்போது முழுசாகக் கொடுக்கிறேன். தூக்கமும் நடுக்கமும் இருக்கிறது.' இது போதும், விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. எழுப்பினால் எழ முடியாத அளவுக்குத் தூக்கம் இருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ நாளை வரை பொறுக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நடந்தது என்னவென்றால், டாக்டர் கையில் இரண்டே தகவல்கள்தான் இருந்தன: மருந்து முழுதாகப் போகிறது, ஆனாலும் வலிப்பு வந்துவிட்டது. அதை வைத்துப் பார்த்தால் இந்த அளவு பற்றவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் கூட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் பழைய அளவே உங்கள் மகனுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். அந்த அளவை முழுதாகக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. இப்போது கூட்டிய அளவு முழுசாகப் போகிறது. தூக்கமும் நடுக்கமும் வால்ப்ரோயேட் அதிகமாகும்போது வருகிறவைதான். பெரும்பாலும் அளவைச் சரிசெய்தால் அடங்கிவிடும்.

இரவு ஒரு வேளைதானே போனது என்று பலருக்குத் தோன்றும். குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாக மருந்தைக் கழித்துவிடும். சாதாரண வால்ப்ரோயேட் சிரப் சுமார் 10 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேளை விட்டால், காலை 7 மணிக்குக் கொடுத்ததற்கும் மறுநாள் காலை 7 மணிக்கும் நடுவில் 24 மணி நேரம். அந்த விடியற்காலையில் ரத்தத்தில் மருந்து கால்வாசிக்கும் கீழே போயிருக்கும். பல வகை வலிப்புகள் தூக்கத்திலும் விழிக்கிற நேரத்திலும்தான் வருகின்றன. ஆக, மருந்து மிகக் குறைவாக இருக்கிற நேரமும் வலிப்புக்கு வசதியான நேரமும் ஒன்றாகிவிடுகிறது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் புதிதாக வலிப்பு நோய் கண்டறியப்பட்ட, 2 முதல் 12 வயதுக்குட்பட்ட 124 குழந்தைகளை 6 மாதம் கவனித்தார்கள். மருந்து பாட்டிலின் மூடியிலேயே ஒரு சின்ன மின்னணுக் கருவி. எப்போது திறந்தாலும் பதிவாகிவிடும். 58 சதவீதக் குழந்தைகளுக்கு மருந்து தொடர்ந்து ஏதோ ஒரு அளவில் விட்டுப்போயிருந்தது. ஏறக்குறைய முழுசாகப் போனது 42 சதவீதத்தினருக்குத்தான். 2011-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் இந்த ஆய்வு வந்தது. அதில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. யாருக்கு விட்டுப்போகும் என்பதை முன்கூட்டிக் காட்டியது குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை மட்டுமே. அக்கறைக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது நியாயமில்லை. நேரமும் கை உதவியும் குறைவாக இருக்கிற வீட்டில் வேளை தவறுகிறது.

இனி இரவு வேளைக்கு வருவோம். 'இரண்டு வேளை' என்றால் கடிகாரம் பார்த்து 12 மணி நேரம் என்று இல்லை. காலை 7, மாலை 6 என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். அவன் விழித்திருக்கும் நேரத்துக்கு மருந்து வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். 'யாராவது கொடுத்துவிடுவார்கள்' என்ற ஏற்பாட்டில் ஒன்று யாரும் கொடுக்க மாட்டார்கள், இல்லையென்றால் இரண்டு பேர் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த கையோடு காலண்டரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மாத்திரை விழுங்கக்கூடிய பையன் என்றால், மெதுவாகக் கரைகிற மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். அந்த வகை ரத்த அளவை ஏறி இறங்காமல் வைத்திருக்கும், சிலருக்கு ஒரே வேளையாகவும் கொடுக்கலாம். அதைப் பொடி செய்துவிடக் கூடாது, கடிக்கவும் விடக் கூடாது. மெதுவாக வர வேண்டியது மொத்தமாக வந்துவிடும்.

தூங்கிவிட்டான் என்றால் எழுப்பி, நிமிர்த்தி உட்கார வைத்து, கண் திறந்து பேசுகிறான் என்று தெரிந்த பிறகு கொடுங்கள். படுத்த நிலையில் தூக்கக் கலக்கத்தில் ஊற்றினால் புரையேறும். முழுசாக விட்டுப்போய், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட வேண்டியதுதான். ஈடுகட்ட ஒருபோதும் இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். 'எத்தனை மணி நேரம் வரை கொடுக்கலாம்?' என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதை டாக்டரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?' என்று கேட்டால் எந்த அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்வார். 'போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சும்மா?' என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கேள்வி: மருந்து கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுக்கலாமா?

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் பொதுவாக அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம். அரை மணி தாண்டிவிட்டால் வேண்டாம், அதற்குள் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். மறுபடி கொடுத்ததையும் கக்கிவிட்டால் மூன்றாவது முறை முயலாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை என்றால் அது அவசரம், ஊசி வழியாக மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. லெவெட்டிரசெட்டம் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. ஃபிட்ஸ் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் குழந்தை வேறு ஆளாகிவிட்டாள். தம்பியை அடிக்கிறாள், கையில் கிடைத்ததை வீசுகிறாள், காரணமே இல்லாமல் அழுகிறாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்கிறார்கள் உறவினர்கள். மருந்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கட்டுமா?

நீங்களாகக் குறைக்க வேண்டாம், தயவுசெய்து. ஆனால் நீங்கள் சந்தேகப்படுவது பெரும்பாலும் சரிதான். எரிச்சல், கோபம், அழுகை ஆகியவை லெவெட்டிரசெட்டத்தின் நன்றாகத் தெரிந்த பக்க விளைவுகள். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது அதிகம். மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களிலோ அளவைக் கூட்டிய உடனேயோ தலைகாட்டும். ஏற்கனவே துறுதுறுப்பும் கோபமும் உள்ள குழந்தைக்கு வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல். இதில் உங்கள் வளர்ப்பையோ குழந்தையின் குணத்தையோ குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். குழந்தைக்கும் அவள் வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். தான் கெட்ட பெண் என்று ஒரு ஐந்து வயதுக் குழந்தை நம்பிக்கொண்டிருப்பது, எனக்கு அந்த அடிதடியைவிடக் கவலையாக இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது 'ரொம்பக் கோபப்படுகிறாள்' என்று மட்டும் சொன்னால் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. என்னிடம் வரும் ஒரு தாய் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். இடப்பக்கம் மருந்து கொடுத்த நேரம், வலப்பக்கம் நடந்தது. 'மருந்துக்கு முன்: பொம்மையைப் பிடுங்கினால் அழுவான், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவான். இப்போது: முக்கால் மணி நேரம் கத்துகிறான், வேர்த்துப்போகிறது, முடிந்ததும் சாரி அம்மா என்கிறான்.' ஓரத்தில் இரவுத் தூக்கம் எத்தனை மணி என்றும் குறித்திருந்தார். ஆரம்பித்த தேதி, அளவு கூட்டிய தேதி, கத்தல் கூடிய தேதி மூன்றும் அந்த ஒரு பக்கத்திலேயே வரிசையாகத் தெரிந்தன. அதற்கு மேல் நான் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. நீங்களும் அப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். முடிந்தால் போனில் ஒரு சிறு வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கக் குறைவோ, கவனிக்கப்படாத சின்ன வலிப்புகளோகூட இப்படிக் கோபமாக வெளிப்படலாம், அதைப் பிரித்துப் பார்க்கவும் இது உதவும்.

டாக்டர் கையில் பல வழிகள் உண்டு. அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். கூட்டும் வேகத்தை நிதானமாக்கலாம். சிலர் வைட்டமின் பி6 சேர்த்துப் பார்க்கிறார்கள். சில குழந்தைகளுக்குப் பலன் தெரிகிறது, ஆனால் அதற்கான ஆதாரம் இன்னும் உறுதியாக இல்லை. எதுவும் சரிவரவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாற்றலாம். மாற்றுவது எப்படி என்றால், புதியதை மெல்ல ஏற்றிக்கொண்டே பழையதை மெல்ல இறக்குவார்கள். நீங்கள் பாதியாக வெட்டினால், ஏற்ற வேண்டியது ஏறாமலே இறக்க வேண்டியது இறங்கிவிடும். வலிப்பு திரும்பினால், மருந்து பலிக்கவில்லை என்ற தவறான முடிவுக்கும் வந்துவிடுவோம்.

செத்துப்போகணும் என்று பேசினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, இல்லாததைப் பார்ப்பதாகவும் கேட்பதாகவும் சொன்னாலோ மறு சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள்.

கேள்வி: பேரனுக்கு வயது 9. பெனிட்டோயின் திரவ மருந்து கொடுக்கிறோம். புது பாட்டில் திறந்த வாரங்களில் ஃபிட்ஸ் வருகிறது. பாட்டில் முடியப்போகும் சமயம் நடை தள்ளாடுகிறது, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்கிறான். அளவு ஒன்றுதான், டீஸ்பூனில் ஊற்றித்தான் கொடுக்கிறேன். இது என்ன கணக்கு?

பாட்டி, நீங்கள் கவனித்துவைத்ததுதான் இதில் பாதி வைத்தியம். ஊற்றுவதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குகிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கும் என்று நினைக்கிறேன். பெனிட்டோயின் திரவம் சர்க்கரைப் பாகு போலக் கரைந்து நிற்பதில்லை. மருந்துத் துகள்கள் அதில் மிதந்துகொண்டிருக்கும், வைத்த இடத்தில் வைத்தால் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் மேல் பாதியில் மருந்து குறைவு, அடிப் பாதியில் மிக அதிகம். முதல் வாரங்களில் ஃபிட்ஸ், கடைசி வாரங்களில் தள்ளாட்டம் என்று நீங்கள் எழுதியது அப்படியே இதோடு பொருந்துகிறது.

பெனிட்டோயினில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு அளவுக்கு மேல் போனால் கல்லீரலால் அதை அதே வேகத்தில் கழிக்க முடியாது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலே ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, கண்மணி துடிப்பது, வாந்தி, குழறல் எல்லாம் அளவு மீறிவிட்டதற்கான அடையாளங்கள். இப்போது அவன் தள்ளாடுகிறான் என்றால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். ரத்தத்தில் பெனிட்டோயின் அளவு பார்க்கச் சொல்வார்கள், பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

டீஸ்பூனை இன்றோடு விட்டுவிடலாம். வீட்டுக்கு வீடு ஸ்பூனின் கொள்ளளவு மாறும். ஊசி இல்லாத, மில்லி கோடு போட்ட சிரிஞ்ச் வாங்கி, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்து அளந்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். புது பாட்டில் வாங்கும்போது லேபிளில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 5 மில்லியில் 30 மில்லிகிராம் உள்ள பெனிட்டோயினும் உண்டு, 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால் அதே மில்லி, நான்கு மடங்கு மருந்தாகிவிடும். சீட்டில் மில்லி மட்டும் எழுதியிருந்தால், மில்லிகிராமையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கார்பமசெபின் திரவத்தையும் இதே போலக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

பெனிட்டோயின் சாப்பிடும் குழந்தைக்கு ஈறு தடித்து வளரக்கூடும். காலையும் இரவும் பல் துலக்க வையுங்கள், பல் டாக்டரிடமும் அவ்வப்போது காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. காலையில் கை வெட்டி வெட்டி இழுக்கும், இரண்டு முறை பெரிய ஃபிட்ஸும் வந்தது. வால்ப்ரோயேட் மாத்திரை தருகிறார்கள். நிறைய வெயிட் போட்டுவிட்டேன். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. அம்மாவிடம் சொன்னால் 'உயிரைவிட முடியா முக்கியம்?' என்கிறார். அதனால் பாதி நாள் மாத்திரையை முழுங்குவதே இல்லை. தப்பா டாக்டர்?

எழுதினதுக்கு நன்றிம்மா. உன் முடியும் உன் உடம்பும் உனக்கு முக்கியம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடை கூடுவதும் முடி கொட்டுவதும் வால்ப்ரோயேட்டால் வருகிறவை, நீ கற்பனை செய்யவில்லை. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்பதையும் கவனித்துச் சொல், அதுவும் இதோடு வரலாம்.

ஆனால் பாதி நாள் விழுங்குவதும் பாதி நாள் விடுவதும் உனக்கு ரொம்ப ஆபத்து. காலையில் கை வெட்டி இழுப்பது என்று நீ எழுதியதைப் பார்த்தால், பதின்வயதில் வரும் ஒரு வகை வலிப்பு நோயாக இருக்கலாம். அதற்குத் தூக்கம் கெடுவதும் மருந்து விட்டுப்போவதும் இரண்டு பெரிய தூண்டுகோல்கள். தனியாகக் குளியலறையிலோ தண்ணீரிலோ சாலையிலோ இருக்கும்போது பெரிய வலிப்பு வந்துவிடக் கூடாது. அரிதாக என்றாலும், கட்டுப்படாத பெரிய வலிப்பு உயிரையே எடுத்த சம்பவங்களும் உண்டு. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, உனக்குப் புரிகிற வயது என்பதால் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், இது உன் அம்மாவுக்கும் சேர்த்து. உன் வயதுப் பெண்களுக்கு வேறு வழி இருக்கிற வரை வால்ப்ரோயேட் வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நிலை. பிற்காலத்தில் இந்த மருந்தைச் சாப்பிடும்போது கரு உண்டானால், பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை வருகிறது. 30 முதல் 40 சதவீதக் குழந்தைகளுக்குப் பேச்சிலும் கற்றலிலும் வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். இதனால்தான் 2018-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. ஆகவே 'மாத்திரையை மாற்றலாமா?' என்று நீ கேட்பதற்கு எடையையும் முடியையும் தாண்டி அழுத்தமான காரணம் இருக்கிறது. உன் டாக்டர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

மாற்று மருந்துகள் இருக்கின்றன. லெவெட்டிரசெட்டம் ஒன்று, லாமோட்ரிஜின் ஒன்று. லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் கூடவே இருந்தால் இன்னும் மெதுவாக. அவசரப்பட்டால் ஆபத்தான தோல் அலர்ஜி வரலாம். சில நாள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவில் நேராகத் தொடரக் கூடாது, மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். நீ மாத்திரை விடுவது டாக்டருக்குத் தெரியாமல் அந்த மருந்துக்கு மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அடுத்த முறை போகும்போது 'டாக்டர், உங்களிடம் அஞ்சு நிமிஷம் தனியாகப் பேசணும்' என்று சொல். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே நீட்டு. அதுவரை இருக்கிற மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும்மா.

கேள்வி: எந்தப் பக்க விளைவுக்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

கார்பமசெபின், லாமோட்ரிஜின், பெனிட்டோயின், பீனோபார்பிட்டோன் ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே காட்டுங்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல், கழுத்தில் நெறி கட்டுதல் எது சேர்ந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்வது இந்த இடத்தில் மட்டும்தான். நிறுத்துவதால் வலிப்பு வரலாம், அதனால் வீட்டில் இருக்காமல் மருத்துவமனையில் இருக்க வேண்டும். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசெபினால் இந்த ஆபத்து மிக அதிகம். ஆசிய வம்சாவளியினரில்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருந்து ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் சோதித்துவிடலாம். கேட்டுப் பாருங்கள்.

வால்ப்ரோயேட் சாப்பிடும் குழந்தை, அதுவும் 2 வயதுக்குட்பட்ட குழந்தை, தொடர்ந்து வாந்தி எடுத்து, சோர்ந்து, கண் மஞ்சளாகி, அடங்கியிருந்த வலிப்பும் கூடினால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். கடுமையான வயிற்று வலி வந்தால் கணையம். அரிது, ஆனால் வந்தால் மணிக்கணக்கு முக்கியம். டோபிரமேட் சாப்பிடும் குழந்தைக்குச் சில சமயம் வேர்வை குறையும், வெப்பத்தில் ஓடியாடி முகம் சிவந்து உடம்பு கொதித்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து குளிர்விக்க வேண்டும்.

முதல் வாரங்களில் லேசான தூக்கம், லேசான தலைசுற்றல், வயிற்றுக் கலக்கம் இருந்தால் பொறுத்திருக்கலாம், பலருக்குத் தானாகச் சரியாகும். பள்ளிப் பாடத்தில் பின்தங்குவது, வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவது, பீனோபார்பிட்டோன் ஆரம்பித்த பிறகு ஒரு இடத்தில் உட்காராமல் இருப்பது - இவை அவசரம் இல்லை. 'பழகிவிடும்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது.

வேறு நோய்க்கு எந்த டாக்டரிடம் போனாலும் வலிப்பு மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். கார்பமசெபினோடு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ சேர்ந்தால் கார்பமசெபின் ரத்தத்தில் ஏறிக் குழந்தை தள்ளாடும்.

கேள்வி: மகனுக்குக் கடைசியாக ஃபிட்ஸ் வந்து 14 மாதம் ஆகிவிட்டது. இன்னும் மருந்து எதற்கு? மூளை மழுங்கிவிடும் என்கிறார் கணவர். நிறுத்திவிடலாமா?

இப்போது வேண்டாம். பொதுவாக 2 வருடம் வலிப்பு இல்லாமல் இருந்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுப்போம். அதுவும் வலிப்பு வகை, ஈஈஜி, ஸ்கேன் பார்த்து. சில வகைகள் வயதோடு தானாகவே மறைந்துவிடும். பதின்வயதில் வரும் சில வகைகளுக்குப் பல வருடம் மருந்து தேவைப்படும். 2 வருடம் கழித்து நிறுத்தும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு திரும்புவதில்லை. இது உங்கள் கணவருக்கு நம்பிக்கை கொடுக்கும்.

மூளை மழுங்கும் என்ற அவர் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சில மருந்துகள் கவனத்தைக் குறைக்கத்தான் செய்யும். 2010-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், சில நொடி வெறித்துப் பார்க்கிற வகை வலிப்புள்ள குழந்தைகளுக்கு எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் ஒரே அளவுக்குப் பலன் கொடுத்தன. ஆனால் வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்களில்தான் கவனக் குறைவு அதிகம். அடிக்கடி வரும் வலிப்பும் கற்றலைக் கெடுக்கும். மகன் படிப்பில் முன்பைவிட மந்தமாகத் தெரிகிறானா? மதிப்பெண் பட்டியலோடு கணவரையே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா, அளவு போதுமா என்று பார்ப்பார்கள். இத்தனை மாதத்தில் பையன் வளர்ந்திருப்பான், எடைக்கு ஏற்ற அளவா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

நிறுத்தும் காலம் வந்தாலும் ஒரே நாளில் நிறுத்த மாட்டோம். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைப்போம். பீனோபார்பிட்டோன், குளோபசாம் மாதிரி மருந்துகள் என்றால் இன்னும் நிதானமாக. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். குறைக்கும் மாதங்களில் அவசர மருந்து வீட்டிலும் பள்ளியிலும் இருக்கட்டும். மூக்கிலோ கன்னத்தின் உள்ளேயோ விடும் மிடாசோலம் அது, காலாவதித் தேதி பார்த்து வையுங்கள். குறைக்க ஆரம்பிக்கும் தேதியை வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரம் பார்க்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் அவசர மருந்து, உடனே ஆம்புலன்ஸ். இதையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.